மாதாவுக்குப் பிறந்த நாள்... மாப்பிள்ளை வீட்டுப் பட்டியல்!

வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்களிடம் ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் தேர், கடல், மொட்டை, மெழுகுவத்தி, பொரித்த மீன் என்று மடமடவென்று சொல்வார்கள். ‘செப்டம்பர் 8 பூசையில் என்ன வாசித்தார்கள்?’ என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். மொட்டை போட்டவர்களுக்கு இந்தக் காரியம் இன்னும் சுலபம்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கூட்டத்தில் நம் கால் எது, பக்கத்து ஆசாமியின் கால் எது என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். இதில் ஒலிபெருக்கியில் வருகிற வாசகத்தை யார் கவனிப்பது? நான் கவனித்தேன். பக்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால், ஒரு தூணுக்கும் ஒரு கேரளத்து மாமாவின் டிராவல் பேகுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதால், காதைத் தவிர வேறு எந்த உறுப்புக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது என்பதுதான் நிஜம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பஸ்ஸில் அரைமணி நேரம். மற்ற நாட்களில் கடற்கரையோரம் ஒரு சின்னப் பேரூராட்சி. ஆகஸ்ட் 29 சாயங்காலம் கொடி ஏறியதும் அது பேரூராட்சி இல்லை, பேரண்டம்! செப்டம்பர் 7 இரவு பெரிய தேர். 8-ம் தேதி திருநாள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி, இங்கிலீஷ் என்று பாஷை பாஷையாகப் பூசை நடக்கிறது. உள்ளே ஆரோக்கிய மாதா புடவை கட்டிக்கொண்டு, கையில் பிள்ளையோடு நிற்கிறாள். 1962-ல் ரோமாபுரியிலிருந்து போப்பாண்டவர் இந்தக் கோயிலுக்கு ‘பசிலிக்கா’ என்ற பட்டம் கொடுத்தார். நம் ஜனங்களுக்கு அது அன்றும் இன்றும் ‘மாதா கோயில்’தான்.

செப்டம்பர் 8 மரியன்னையின் பிறந்த நாள். டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாதம். கணக்கெல்லாம் கச்சிதம். ஆனால், ஒரு சிக்கல். பைபிளில் மாதா பிறந்த கதையே கிடையாது. எந்த ஊர், எந்த வீடு, என்ன நட்சத்திரம்... மூச்! அப்பா சுவக்கீன், அம்மா அன்னம்மாள் என்கிற பெயர்கள்கூட, பைபிளில் சேர்க்கப்படாத 2-ம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

பிறந்த நாள் விழா வைத்தாகிவிட்டது. பிறந்த கதை இல்லை. என்ன வாசிப்பது?

திருச்சபை ஒரு வழி கண்டுபிடித்தது. மத்தேயு நற்செய்தியின் முதல் அத்தியாயத்தை எடுத்தது. அது ஒரு பெயர்ப் பட்டியல். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு என்று ஆரம்பித்து வண்டி வண்டியாகப் பெயர்கள். கடைசியில் வந்து நிற்கிற இடம் சூசையப்பர். அதாவது மரியாவின் கணவர்! பெண்ணுக்குப் பிறந்த நாள் என்று கூப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வம்சாவளியை வாசிக்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில்கூட இவ்வளவு அநியாயம் நடக்காது. பெண் வீட்டுத் தாத்தா பெயர் ஒரு மூலையிலாவது இருக்கும்.

இத்தனை பெயரை வாசிக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றும் என்பதாலோ என்னவோ, பட்டியலை விட்டுவிட்டு நேராகக் கதைக்குப் போகவும் சாமியாருக்கு அனுமதி உண்டு. நான் கேட்ட பூசையில் முழுதாகவே வாசித்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பாட்டி, பக்கத்திலிருந்த மருமகளிடம் கேட்டாள்.

“யாரு புள்ள இவங்கல்லாம்? பேரு பேரா வாசிக்கிறாரு. பூசைக்குப் பணம் கட்டுனவங்களா?”

“இல்லத்தே... சேசுநாதரோட தாத்தா, பாட்டன் பேரு.”

“அப்ப நம்ம பேரு?”

“அது அப்புறமா வரும். சும்மா கேளுங்க.”

பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. எந்தப் பங்குக் கோயிலுக்கும் போய்ப் பாருங்கள். இன்னாருக்கு நன்றியாக, இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பூசைக் கருத்துகளை வாசிப்பார்கள். அதுவரை தூங்கி வழிந்தவர்கள் அந்த நேரத்தில் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். தன் வீட்டுப் பெயர் மைக்கில் வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பாருங்கள்... சம்பள நாளில்கூட அதைப் பார்க்க முடியாது.

மத்தியானம் ஒரு கடையில் பைபிள் வாங்கி, நிழலாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து, அந்தப் பட்டியலைச் சரிபார்த்தேன். ஆபீஸ் பழக்கம். கூட்டல் என்று ஒன்று இருந்தால் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மத்தேயு வரி வசூலித்தவர் என்பது மரபு. பட்டியலின் முடிவில் மொத்தம் போட்டு வைத்திருக்கிறது. ஆபிரகாமிலிருந்து தாவீது வரை 14 தலைமுறை. தாவீதிலிருந்து பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டது வரை 14. அங்கிருந்து கிறிஸ்து வரை 14. ஆக 42. ஏன் 14 என்பதற்கு அறிஞர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ‘தாவீது’ என்ற பெயரின் மூன்று எழுத்துகளைக் கூட்டினால் 14. நம் ஊர் நியூமராலஜிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

நான் விரல் விட்டு எண்ணினேன். முதல் வரிசை 14, சரி. இரண்டாவது 14, அதுவும் சரி. ஆனால் அதற்காக நடுவில் அகசியா, யோவாசு, அமட்சியா என்று மூன்று ராஜாக்களைச் சத்தமில்லாமல் தூக்கியிருக்கிறது. மூன்றாவது வரிசையை எண்ணினால்... 13! மறுபடி எண்ணினேன். மறுபடியும் 13. ஒரு ஆள் குறைகிறது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். எக்கோனியா ராஜாவை இரண்டு தடவை எண்ணு என்கிறார்கள் சிலர். வேறு சிலர் சொல்கிற விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘மரியாவையும் ஒரு தலைமுறையாகச் சேர்த்துக்கொள், 14 வந்துவிடும்!’

அட! பிறந்த நாள் கொண்டாடுகிற பெண்ணைக் கணக்கில் சேர்த்தால் கணக்கு நேராகிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்த மொத்தக் கணக்குப் போட்ட 17-வது வசனத்தை மட்டும் கோயிலில் வாசிப்பதில்லை. 16 வரை வாசித்துவிட்டு 18-க்குத் தாண்டிவிடுகிறார்கள். வவுச்சரை எல்லாம் வாசித்துவிட்டு, டோட்டலை விட்ட மாதிரி.

பட்டியலில் மரியாவுக்கு முன்னால் இன்னும் நாலு பெண்கள் இருக்கிறார்கள். அப்பன் மகன் என்று போகிற வரிசையில் பெண்ணைச் சேர்ப்பதே அபூர்வம். சேர்ப்பது என்று முடிவு செய்தால் பெரிய வீட்டுப் பெண்மணிகளாகப் பார்த்துச் சேர்த்திருக்கலாம். ஆபிரகாமின் மனைவி சாரா எங்கே? காணோம். வந்தவர்கள் யார் தெரியுமா?

ஒருத்தி தாமார். மாமனார் நியாயம் செய்யாமல் இழுத்தடித்ததால், முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்து, அந்த மாமனாரிடமே பிள்ளை பெற்றவள். அடுத்தவள் இராகாபு. எரிக்கோ நகரத்து விலைமகள். ஒற்றர்களை மாடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவள். மூன்றாவது ரூத்து. புருஷனை இழந்த பிறகும் மாமியாரை விடாமல் பெத்லகேமுக்கு வந்து, அறுத்த வயலில் கதிர் பொறுக்கி அவளுக்குச் சோறு போட்ட மோவாபுப் பெண். மோவாபியர் சபைக்குள் வரக் கூடாது என்று சட்டமே இருந்தது. அந்த ரூத்தின் கொள்ளுப் பேரன்தான் தாவீது ராஜா!

நாலாவது பெண்ணுக்குப் பெயரே இல்லை. ‘உரியாவின் மனைவி’ என்று மட்டும் இருக்கிறது. பத்சேபா என்று பெயரைப் போட்டிருக்கலாம். தாவீதின் மனைவி என்றாவது போட்டிருக்கலாம். இல்லை. அவளை அடைவதற்காக, ராஜா போர்முனையில் முன்வரிசையில் நிறுத்திச் சாகடித்த அந்தச் சிப்பாய் உரியாவின் பெயரைப் போட்டிருக்கிறது. வம்சாவளியில் அவனுக்கு இடமே கிடையாது. ராஜா செய்த காரியம் மறந்துவிடக் கூடாது என்று அவன் பெயரை ஓர் ஆணி மாதிரி அடித்து வைத்தாற்போல இருக்கிறது.

முதல் வாசகமும் இதே ரகம்தான். மீக்கா என்கிற தீர்க்கதரிசி. கிராமத்து ஆசாமி. ஆளப்போகிறவர் எங்கே பிறப்பார் என்று சொல்கிறார். எருசலேமைச் சொல்லவில்லை, யூதாவின் ஊர்களிலேயே சின்ன ஊர் என்று பெத்லகேமைக் காட்டுகிறார். இதை வேளாங்கண்ணியில் வைத்துக் கேட்டால் சிரிப்பு வருகிறது. மாதா நாகப்பட்டினம் துறைமுகத்தில் காட்சி கொடுத்திருக்கலாம். தஞ்சாவூர் அரண்மனைக்குப் போயிருக்கலாம். அந்தக் காலத்து ஒரு குக்கிராமத்துக்கு வந்தாள் என்கிறது இந்த ஊர் ஐதீகம்.

யாரிடம் வந்தாள்? எஜமான் வீட்டுக்குப் பால் கொண்டுபோன ஓர் இடைப் பையனிடம். குளத்தங்கரை மர நிழலில் அவன் கண்ணசந்தபோது, பிள்ளைக்குப் பால் கேட்டாளாம். அப்புறம் நடுத்திட்டில் மோர் விற்ற, கால் ஊனமான ஒரு பையனிடம். அவன் மோர் கொடுத்தான். எழுந்து ஓடினான் என்கிறார்கள். அதன் பிறகு புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள். அவர்கள் கரை சேர்ந்தது ஒரு செப்டம்பர் 8 என்பதால்தான் இங்கே இந்தத் தேதியில் திருவிழா.

பால்காரப் பையன் பெயர் என்ன? தெரியாது. மோர்க்காரப் பையன் பெயர்? அதுவும் தெரியாது. மாலுமிகள்? ஒருத்தர் பெயரும் இல்லை. மத்தேயு பட்டியலிலோ நேர் எதிர். அபியூதில் ஆரம்பித்து மாத்தான், யாக்கோபு வரை ஒன்பது பேருக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பைபிளில் வேறெங்கும் ஒரு வரியும் கிடையாது. அங்கே கதை இல்லாத பெயர்கள். இங்கே பெயர் இல்லாத கதைகள்.

கடற்கரைப் பக்கம் போனால் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் இருந்த நேரத்தில் சுனாமி வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இந்த ஊரில் மட்டும் போனார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். யார் என்று அடையாளம் சொல்ல ஆளில்லாமல் பலரை ஒன்றாகப் புதைத்தார்கள். அவர்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, ஒரு பெயரை உரக்க வாசிப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது புரிகிறது. பாட்டி கேட்டது சரியான கேள்வி. ‘அப்ப நம்ம பேரு?’

இரண்டு வாசகங்களுக்கும் நடுவே பதிலுரைப் பாடலாக 13-வது சங்கீதத்திலிருந்து கொஞ்சம் வருகிறது. கடைசி வசனம் மட்டும். ஆண்டவரால் என் மனம் பூரிக்கிறது என்கிற சந்தோஷ வசனம். அந்தச் சங்கீதத்தின் ஆரம்பம் சந்தோஷமே இல்லை. இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பாய் என்று கடவுளைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி அடுக்கடுக்கான கேள்வி. பிறந்த நாள் அன்று புலம்பல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. விட்ட பாகத்தை ஜனங்களே கொண்டு வந்துவிடுகிறார்கள். கோயிலிலிருந்து மாதா குளம் போகிற மணல் பாதையில் முழங்காலாலேயே நகர்ந்து போகிற பெண்களைப் பாருங்கள். வெள்ளியில் செய்த சின்னக் கை, கால், கண், தொட்டில் என்று காணிக்கை போடுகிறவர்களைப் பாருங்கள். ஒவ்வொரு தொட்டிலும் ஒரு ‘இன்னும் எத்தனை நாள்’தான்.

நடந்து வருகிறவர்களைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகூர் என்று கோயில், தர்கா எல்லாவற்றையும் கடந்து காவி உடையில் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் இளவட்டங்கள். தள்ளிக்கொண்டு வருகிற சின்னத் தேரில் மாதா. தேருக்கு சீரியல் பல்பு. அதற்கு ஒரு பாட்டரி.

முதல் நாள் ராத்திரி தேர் முடிந்து, டீக்கடை ஓரம் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்திருந்தேன். இருபத்தைந்து வயசு இருக்கும். உள்ளங்காலில் கொப்புளம், அதன் மேல் தேங்காய் எண்ணெய்.

“எந்த ஊரு தம்பி?”

“ராயபுரம்ண்ணே. கம்பெனி வேலை.”

“இத்தனை நாள் லீவு குடுத்தாங்களா?”

“தரலை. சம்பளத்துல புடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அப்படி என்ன வேண்டுதல்?”

“அப்பாவுக்கு ஆபரேஷன்ண்ணே. நல்லபடியா முடிஞ்சா நடந்தே வர்றேன்னு மாதாகிட்ட சொன்னேன்.”

“நல்லபடியா முடிஞ்சுதா?”

டீயை ஆற்றினான். “இல்லண்ணே. அப்பா தவறிட்டாரு. எட்டு மாசம் ஆச்சு.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேட்கக் கூடாததைத்தான் கேட்டேன். “அப்புறம் ஏன் தம்பி நடந்தே?”

அவன் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தான். “வர்றேன்னு சொல்லிட்டேன்லண்ணே? நாளைக்குப் பூசையில அப்பா பேரைக் குடுத்திருக்கேன். வாசிச்சாங்கன்னா கேட்டுட்டுக் கிளம்பிடுவேன்.”

மறுநாள் பூசையில் நற்செய்தியின் பின்பாதி வந்தபோது அவன் ஞாபகம்தான் வந்தது. பின்பாதி சூசையப்பர் கதை. அவரும் வேலை செய்து பிழைக்கிற ஆள். தச்சர். நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. அந்தக் காலத்து யூத வழக்கப்படி நிச்சயம் ஆனாலே சட்டப்படி மனைவி. பிரிய வேண்டுமென்றால் விவாகரத்துத்தான். இந்த நிலையில் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிகிறது. பிள்ளை தன்னுடையதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஊரைக் கூட்டினால் போதும். பழைய சட்டம் கல்லைக் கையில் எடுத்துக் கொடுக்கும். அவர் கூட்டவில்லை. சத்தமில்லாமல் விலகிவிடலாம் என்று நினைக்கிறார். தன் மானத்தைவிட அவள் உயிர் பெரிது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. கனவில் தேவதூதர் வந்து விஷயத்தைச் சொன்னதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கனவோடு வாசகம் முடிந்துவிடுகிறது. 23-வது வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதாவது பூசை முடியும்போது சூசையப்பர் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்!

கடையில் வாங்கிய பைபிளில் 24-வது வசனத்தைப் பார்த்தேன். ரொம்பச் சின்னது. தூக்கத்திலிருந்து எழுந்தார், சொன்னபடி செய்தார், மரியாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். கேள்வி இல்லை, வசனம் பேசவில்லை. நாலு நற்செய்திகளையும் புரட்டினாலும் சூசையப்பர் வாயைத் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அவர் எழுந்து போய் அந்தக் காரியத்தைச் செய்திருக்காவிட்டால் அந்த நீளப் பட்டியல் மரியாவை எட்டாமலே நின்றுபோயிருக்கும். ஒரு பெண்ணைக் கைவிடாமல் நின்றதால்தான் மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலுக்கு அவள் பிறந்த நாளில் வாசிக்கப்படுகிற தகுதி வந்தது.

8-ம் தேதி சாயங்காலம் கொடி இறங்கியது. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஊரே முண்டியடித்தது. எனக்குக் கிடைத்த பஸ்ஸில் பாதிப் பேர் காவி வேட்டி இளைஞர்கள். போகும்போதுதான் நடை, திரும்பும்போது பஸ். நாகூர் தாண்டுவதற்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். ஒருத்தன் தலை என் தோளில், இன்னொருத்தன் பாதம் சீட்டுக்கு அடியில், அதில் கட்டுப் போட்ட துணி. ராயபுரத்துப் பையன் இந்த பஸ்ஸில் இல்லை. அப்பா பெயர் காதில் விழுந்து கிளம்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்தபோது கண்டக்டர் கம்பியில் தட்டி ஒவ்வொருத்தராக எழுப்பினார். “எந்திரிங்கப்பா... ஊர் வந்தாச்சு.”

எழுந்தார்கள். பையை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஆபீஸ் உண்டு.